உலக ரக்பியின் பணம் நம் மலைக்கு எந்த வழியாக வந்து சேரும்? கோத்தகிரி, குன்னூர் பக்கத்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளில் பாதிக்கு மேல் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள், மற்றவர்கள் சுற்றியுள்ள ஹட்டிகளை, அதாவது படுகர் ஊர்களைச் சேர்ந்தவர்கள். 2025 ஜூனில் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்ததே, அதில் சென்னை புல்ஸ் இறுதி ஆட்டத்தில் டெல்லி ரெட்ஸை 41-0 என்று சாய்த்த வீடியோ எங்கள் பள்ளியில் எல்லோர் போனிலும் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பெண்கள் ஹேண்ட்பாலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "மிஸ், இதை நாமும் ஒழுங்காக ஆடலாமா?" என்று விடாமல் கேட்கிறார்கள்.

விளையாட்டை உலகம் முழுக்க வளர்க்க, அதன் உலகத் தலைமை அமைப்பான வேர்ல்டு ரக்பி பெரிய தொகை செலவழிக்கிறது என்று படித்தேன். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? எப்படிப் பிரிக்கிறார்கள்? எங்களைப் போன்ற ஒரு பள்ளிக்கு அதில் ஏதாவது எட்டுமா? யாருக்கு எழுதிக் கேட்க வேண்டும்?

கூடலூர் சிறுவிவசாயி

டீச்சர், உங்கள் ஆர்வத்தைக் கெடுக்க நினைக்கவில்லை, ஆனால் நம்பி இறங்காதீர்கள். வேறொரு விளையாட்டை வளர்க்கிறோம் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு அமைப்பு வந்தது. பேனர் கட்டினார்கள், பந்து கொடுத்தார்கள், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பந்துகள் காற்றுப் போய் அலமாரிக்கு மேலே கிடக்கின்றன. வெளிநாட்டுப் பணம் என்றாலே எனக்கு அந்த அலமாரிதான் ஞாபகம் வருகிறது.

விசில் குன்னூர்

டீச்சர், நான் சென்னையில் பல வருடம் ஆடிவிட்டு, நடுவராகவும் இருந்துவிட்டு, இப்போது குன்னூரில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேர்ல்டு ரக்பியின் தலைமையகம் அயர்லாந்தின் டப்ளினில் இருக்கிறது. 1886இல் தொடங்கிய அமைப்பு, 2014இல்தான் இந்தப் பெயருக்கு மாறியது. 130க்கு மேற்பட்ட நாட்டுச் சங்கங்கள் உறுப்பினர்களாக உள்ளன. ஆனால் வருமானத்தில் மிகப் பெரிய பங்கு ஒரே ஒரு போட்டியிலிருந்து வருகிறது: நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஆண்கள் உலகக் கோப்பை. ஒளிபரப்பு உரிமை, விளம்பரதாரர் பணம் எல்லாம் வேர்ல்டு ரக்பிக்கு. டிக்கெட் பணம், பழைய முறைப்படி, போட்டியை நடத்தும் நாட்டுக்கு. அதற்குப் பதிலாக அந்த நாடு ஒரு உத்தரவாதத் தொகை கட்ட வேண்டும். 2015இல் இங்கிலாந்து 8 கோடி பவுண்டு கட்டியது. 2023 போட்டிக்கு ஏலம் கேட்டவர்களிடம் குறைந்தபட்சமே 12 கோடி பவுண்டு என்றார்கள். நடத்துபவருக்குச் சில நேரம் கையைக் கடிக்கும். 2011இல் நியூசிலாந்து கோப்பையையும் வென்று நட்டத்தையும் சுமந்தது. அதில் பெரும்பங்கை அந்நாட்டு அரசே ஏற்றது. 2027 ஆஸ்திரேலியாவில் இந்த முறையை மாற்றி, போட்டியை நடத்தும் பொறுப்பை வேர்ல்டு ரக்பியே நேரடியாகக் கையில் எடுத்திருக்கிறது. லாபமோ நட்டமோ இனி அவர்கள் தலையிலும் விழும்.

ஆக, ஒரு வருடம் வரும் பணத்தை நான்கு வருடம் வைத்து ஓட்ட வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 2019 ஜப்பான் போட்டி கொரோனாவுக்கு முன்பே முடிந்துவிட்டதால்தான் 2020இல் சங்கங்களைத் தாங்கிப் பிடிக்கச் சுமார் 10 கோடி டாலர் நிவாரணம் அறிவிக்க முடிந்தது. போட்டி ஒரு வருடம் தள்ளி வந்திருந்தால் கதையே வேறு.

பிரிப்பது பல வழியில். பெரிய நாடுகளுக்கு ஒரு பங்கு. உலகக் கோப்பை வருடத்தில் அவர்களுடைய சொந்த மைதானத்து டெஸ்ட் ஆட்டங்கள், அதாவது நாட்டு அணிகள் மோதும் ஆட்டங்கள், குறைந்து வருமானம் போகிறது, அதை ஈடுகட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அடுத்து பிஜி, சமோவா, ஜார்ஜியா, உருகுவே மாதிரி இரண்டாம் வரிசை நாடுகளின் தேசிய அணிகளுக்குப் பயிற்சியாளர், உடற்பயிற்சி வல்லுநர், போட்டிச் செலவு. கடைசியாக மற்ற எல்லா நாடுகளுக்குமான வளர்ச்சி மானியமும் பயிற்சி வகுப்புகளும். இந்தியா அந்தக் கடைசி வரிசையில் இருக்கிறது. பணம் ஆசிய அமைப்பு, இந்திய ரக்பி சங்கம், மாநிலச் சங்கம் என்று இறங்கித்தான் வரும். பள்ளிக்கு நேராக டப்ளினிலிருந்து எதுவும் வராது.

லவ்டேல் வாசி

விசில் அண்ணா, நீங்கள் கொஞ்சம் மென்மையாகச் சொல்கிறீர்கள். பெரிய நாடுகளின் பங்கு "ஈடு" மட்டும்தானா? 2017 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சமோவா அணி லண்டனின் ட்விக்கன்ஹாம் அரங்கில் இங்கிலாந்தோடு ஆடியது. இங்கிலாந்து வீரர் ஒருவருக்கு அந்த ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 22,000 பவுண்டு. எதிரில் நின்ற சமோவா வீரருக்கு 650 பவுண்டு. டெஸ்ட் ஆட்டத்தின் வசூல் முழுக்க நடத்துபவருக்கே என்பதுதான் வழக்கம். அதே மாதம் சமோவாவின் பிரதமர், அந்நாட்டு ரக்பி சங்கத்துக்கும் அவரே தலைவர், சங்கம் திவால் என்று அறிவித்துப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார். வேர்ல்டு ரக்பி அதை மறுத்து, சமோவாவுக்குத் தாங்கள் தொடர்ந்து பணம் தருவதாகச் சொன்னது. இங்கிலாந்து நல்லெண்ணமாக 75,000 பவுண்டு கொடுத்தது. அந்த அரங்கின் ஒருநாள் வசூலோடு பார்த்தால் அது எம்மாத்திரம்?

கொடுப்பவர்கள் யார், முடிவெடுப்பவர்கள் யார் என்றும் பாருங்கள். வேர்ல்டு ரக்பியின் முடிவெடுக்கும் கவுன்சிலில் ஆறு நாடுகள் கோப்பைக்காரர்களுக்கும் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி), தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினாவுக்கும் தலைக்கு 3 ஓட்டு. 10 நாடு, 30 ஓட்டு. ஒரு கண்டத்து அமைப்புக்கே 2 ஓட்டுதான். 2020 தலைவர் தேர்தலில் சின்ன நாடுகளுக்கு அதிகப் பங்கு என்று பேசி நின்ற அர்ஜென்டினாவின் அகுஸ்டின் பிச்சோட், பில் போமண்டிடம் 23-28 என்று தோற்றார். இதில் மலைக்கோடியில் இருக்கும் பள்ளி எங்கே வரும்?

விசில் குன்னூர்

தம்பி சொன்னதில் எதையும் மறுக்கவில்லை. ஓட்டுக் கணக்கு நியாயமானது என்று நானும் நினைக்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2019இல் நாடுகளுக்கான ஒரு புதிய லீக்குக்கு 12 வருடத்துக்குச் சுமார் 500 கோடி பவுண்டு உத்தரவாதம் என்று ஒரு திட்டம் மேசைக்கு வந்தது. அது உடைந்தது ஏற்றம், இறக்கம் என்ற ஒரே விஷயத்தில். கடைசியில் வந்தால் கீழே இறங்க வேண்டும் என்பதைப் பெரிய சங்கங்கள் சில ஏற்கவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் என்ற நிபந்தனை இருந்ததால் மொத்தமும் போயிற்று. 2026இல் தொடங்குவதாக அறிவித்த நேஷன்ஸ் சாம்பியன்ஷிப்பில் 12 அணிகள், ஏற்ற இறக்கம் பல வருடம் கழித்துத்தான்.

ஆனால் பணம் சரியான இடத்தில், தொடர்ந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2022இல் பிஜியன் ட்ருவா என்ற அணி, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா அணிகள் ஆடும் சூப்பர் ரக்பி லீக்கில் நுழைந்தது. வேர்ல்டு ரக்பியின் நிதி அதன் பின்னால் இருந்தது. அதுவரை பிஜிப் பையன்கள் பிழைப்புக்காகப் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சிதறிப் போவார்கள், தேசிய அணிக்காகச் சேர்ந்து ஆடக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம். சொந்த ஊரிலேயே சம்பளம், ஒன்றாகப் பயிற்சி என்று ஆனதும் 2023 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை 22-15 என்று வென்று காலிறுதிக்குப் போனார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு அமெரிக்கா. 2018இல் சான்பிரான்சிஸ்கோவில் செவன்ஸ், அதாவது அணிக்கு 7 பேர் ஆடும் ரக்பியின் உலகக் கோப்பை நடத்தினார்கள். கூட்டம் வந்தது, சங்கத்துக்குக் கடனும் வந்தது. 2020 மார்ச்சில் அமெரிக்க ரக்பி சங்கம் திவால் பாதுகாப்பு கேட்டது, வேர்ல்டு ரக்பி கடன் கொடுத்துத் தூக்கியது. 2031 உலகக் கோப்பையும் அங்கேதான். பெரிய சந்தை என்று கண்ணை மூடிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என் கருத்து இதுதான்: விழாவுக்குக் கொடுக்கும் பணம் விழாவோடு போய்விடும். ஆளுக்குக் கொடுத்தால், அதாவது பயிற்சி பெற்ற ஒரு வாத்தியாருக்கும் நடுவருக்கும் கொடுத்தால், அது ஊரில் தங்கும். கூடலூர் அண்ணன் சொன்ன அலமாரிப் பந்துகளும் அதைத்தான் காட்டுகின்றன. பந்து வந்தது, அதை எடுத்துச் சொல்லித்தர ஆள் வரவில்லை.

கூடலூர் சிறுவிவசாயி

இப்போது எனக்கு விளங்குகிறது. பச்சைத் தேயிலைக்கு நாம் வாங்கும் கிலோ விலை மாதிரிதான் இதுவும். குன்னூர் ஏலத்தில் என்ன விலை போகிறதோ அதில் தரகு, ஃபேக்டரி செலவு எல்லாம் கழிந்து கடைசியில் கொழுந்து பறித்தவன் கைக்கு வருவதுதான் நம் பங்கு. மேலே விலை ஏறினாலும் கீழே உடனே ஏறாது, மேலே விழுந்தால் மட்டும் மறுநாளே விழும். சரி, நடுவில் இருக்கும் இந்திய சங்கம் எப்படி? அங்கே பணம் தங்கிவிடாதா?

விசில் குன்னூர்

இந்திய ரக்பி சங்கம் 1998இல் தொடங்கியது, மும்பையில் இருக்கிறது. நடிகர் ராகுல் போஸ் அதன் தலைவர். அவர் வெறும் பெயருக்குத் தலைவரானவர் இல்லை, இந்தியாவுக்கு ஆடியவர். டப்ளின் மானியம் மட்டும் வைத்து இவ்வளவு பெரிய நாட்டில் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒடிசா அரசு தேசிய அணிகளுக்கு விளம்பரதாரராக வந்தது பெரிய விஷயம். புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் கிஸ் கல்வி நிறுவனத்திலிருந்து எத்தனை பேர் தேசிய அணிக்கு வந்திருக்கிறார்கள்! பீகாரில் பாட் என்ற சின்ன ஊரிலிருந்து வந்த ஸ்வீட்டி குமாரியை 2019இல் பெண்கள் ரக்பிக்கான ஸ்க்ரம்குயின்ஸ் இணையதளம் அந்த ஆண்டின் சிறந்த இளம் சர்வதேச வீராங்கனை என்று தேர்ந்தெடுத்தது.

இன்னொரு வழி ஒலிம்பிக்ஸ். 2009இல் கோபன்ஹேகனில் ஒலிம்பிக் கமிட்டி ஓட்டுப் போட்டு, 2016 ரியோவில் செவன்ஸ் சேர்ந்தது. அதனால் ஒலிம்பிக் வருமானத்தில் வேர்ல்டு ரக்பிக்கு ஒரு பங்கு உண்டு. அதைவிட முக்கியம், ஒலிம்பிக் விளையாட்டு என்று ஆனதும் ஒவ்வொரு நாட்டு அரசும் தன் கஜானாவைத் திறக்கிறது. டப்ளின் ஒரு ரூபாய்கூட அனுப்பாமலேயே ரக்பிக்கு வந்த பணம் அது. செவன்ஸில் அணிக்கு 7 பேர், ஒரு பாதி 7 நிமிடம். இரு அணியும் தோள் கொடுத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமுக்கு 8 கனத்த ஆள் தேட வேண்டாம். நம் பிள்ளைகளுக்குப் பொருந்துவதும் அதுதான்.

ஒரு சின்னச் சேதி, இடையில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879இலிருந்து ஆடும் கல்கத்தா கோப்பை நம் வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்தது. கல்கத்தாவில் ஒரு கிளப்பை மூடியபோது வங்கியில் மிச்சம் இருந்த 270 வெள்ளி ரூபாய். அன்றைக்கு இங்கிருந்து அங்கே போனது. இன்றைக்கு அங்கிருந்து இங்கே வரும் மானியத்தைக் கேட்க நாம் கூச்சப்படத் தேவையில்லை.

மேல்குன்னூர் அம்மா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகனும் இதை ஆட வேண்டும் என்கிறான். பணக் கணக்கு இருக்கட்டும், தலையில் அடி பட்டால் யார் பொறுப்பு? ஊட்டிக்கோ கோவைக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய ஊர் நம் ஊர். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் ரோடே இருக்காது.

விசில் குன்னூர்

மன்னிப்பெல்லாம் எதற்கு அம்மா, முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். பயம் நியாயமானது. 2003இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்த ஸ்டீவ் தாம்ப்சனுக்கு அந்த இறுதி ஆட்டமே நினைவில் இல்லை. இளம் வயதிலேயே மறதி நோய். அவரும் மற்ற பழைய வீரர்களும் வேர்ல்டு ரக்பி மீதும், இங்கிலாந்து, வேல்ஸ் சங்கங்கள் மீதும் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். விளையாட்டை வளர்க்கும் பணத்தில் ஒரு பகுதி பாதுகாப்புக்குப் போவதற்கு இதுவும் காரணம். 2023இல் கீழ்மட்ட ஆட்டங்களில் எதிராளியைப் பிடித்து விழுத்தும் டாக்கிளின் உயரத்தை மார்பெலும்புக்குக் கீழே இறக்கிப் பார்க்கச் சொன்னார்கள். தலையில் அடி பட்டதோ என்ற சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது. நடுவராக நான் இதில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆனால் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவது டேக் ரக்பி. இடுப்பில் ஒரு பெல்ட், இரண்டு பக்கமும் வெல்க்ரோவில் ஒட்டிய துணிப்பட்டை. எதிராளி அந்தப் பட்டையை உருவிவிட்டால் அதுதான் டாக்கிள். கட்டிப்பிடிப்பது, தள்ளுவது, விழுத்துவது ஒன்றும் கிடையாது. பந்தை முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான். ஓடுகிற பிள்ளை எதிரே பார்த்துக்கொண்டே பின்னால் வருபவளின் குரலைக் கேட்டுப் பந்தைக் கொடுக்கக் கற்கும்போது முதல் வாரம் பந்து கண்ட இடத்துக்குப் போகும். பிறகு திடீரென்று ஒருநாள் நாலு பேர் சாய்கோடாக நின்று, பந்து கைமாறிக் கைமாறி ஓரத்துக்குப் போய்ச் சேரும். அதைப் பார்த்த வாத்தியார் இந்த விளையாட்டை விட மாட்டார்.

வெலிங்டன் முன்னாள் ஹவில்தார்

நான் பட்டாளத்தில் ரக்பி ஆடியவன். எங்கள் ராணுவ அணிகள் தேசியப் போட்டிகளில் பல வருடம் ஆதிக்கம் செலுத்தியவை. டீச்சரம்மா, நம் மலைப் பிள்ளைகளுக்கு மூச்சும் தொடையும் இருக்கிறது. ஏற்றத்தில் நடந்தே பள்ளிக்கு வருபவர்கள். மைதானம்தான் பிரச்சினை. சமமான நிலம் எங்கே கிடைக்கிறது? ஆனால் டேக் ஆட்டத்துக்கு இரண்டு வாலிபால் கோர்ட் அகலம் போதும், அது இல்லாத ஹட்டி ஏது? கல்லைப் பொறுக்கிவிடுங்கள். ஜூன், ஜூலை மழையில் வழுக்கும்போது ஓடவிடாதீர்கள், கணுக்கால் போய்விடும். உடற்பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை நான் வருகிறேன். காசு வேண்டாம்.

லவ்டேல் வாசி

ஹவில்தார் ஐயாவுக்கு நன்றி. நான் குறையாகவே பேசியதாகத் தோன்றலாம், அதனால் ஒன்று சேர்க்கிறேன். பெண்கள் பக்கம் கணக்கு வேகமாக மாறுகிறது. 2018இலிருந்து கவுன்சிலில் பெண்களுக்கென்று 17 இடம் கூட்டினார்கள். 2025இல் இங்கிலாந்தில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை 12 அணியிலிருந்து 16 ஆனது. ட்விக்கன்ஹாம் இறுதி ஆட்டத்தை 81,885 பேர் நேரில் பார்த்தார்கள். இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்றது. ஒரே போட்டியை நம்பி நிற்கும் அமைப்புக்கு இரண்டாவது கால் முளைக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன். அப்படியானால் பெண்கள் அணி தொடங்கும் பள்ளிக்குக் கேட்க வலுவான காரணம் உண்டு.

விசில் குன்னூர்

சரியாகச் சொன்னீர்கள். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு இடம் இருக்கிறது, டீச்சர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. வடக்கு வங்காளத்தில் ஜல்பைகுரி மாவட்டம், சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம். ஒரு பக்கம் காடு, யானை நடமாட்டம், கொழுந்து பறிக்கும் தாய்மார்கள், லைன் வீடுகள், அப்படியே நம் ஊர்தான். கொல்கத்தாவில் பால் வால்ஷ் என்ற முன்னாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி தொடங்கிய ஜங்கிள் குரோஸ் குழு, கேலோ ரக்பி என்ற பெயரில் அங்கே போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்தத் தோட்டத்துப் பெண்கள் மாநில அணிக்கு வந்தார்கள், இந்தியாவுக்கே ஆடினார்கள், ரக்பியால் கல்லூரிக்கும் போனார்கள். அங்கே ஆடிப் பழகிய அக்காமார்களே அடுத்த வரிசைப் பிள்ளைகளுக்குக் கோச் ஆனார்கள். நான் மேலே சொன்னேனே, ஆளுக்குச் செய்யும் செலவு ஊரில் தங்கும் என்று, அது இதுதான்.

லாவோஸில் சியாங் குவாங் மலைப்பகுதியில் சைல்டுஃபண்ட் அமைப்பும் அந்நாட்டு ரக்பிச் சங்கமும் சேர்ந்து நடத்திய 'பாஸ் இட் பேக்' திட்டமும் டேக் ரக்பிதான். ஆடியவர்களில் பாதிப் பேர் பெண்கள். அதைத்தான் 2019 உலகக் கோப்பையின் தொண்டுப் பங்காளியாக எடுத்துக்கொண்டார்கள். மலை, ஏழைப் பிள்ளைகள், பெண்கள் என்பது டப்ளின் கணக்கில் ஒதுக்கப்பட்ட விஷயம் இல்லை டீச்சர். தயங்காமல் கேளுங்கள்.

கோத்தகிரி டீச்சர்

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சரஸ்வதிபூர் விஷயத்தைப் பிள்ளைகளிடம் சொன்னேன். "அவங்க அம்மாவும் கொழுந்து பறிக்கிறாங்களா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

இப்போது நேரடியாகக் கேட்கிறேன். நாளைக்கு நான் எதில் தொடங்குவது?

விசில் குன்னூர்

முதலில் நீங்கள். வேர்ல்டு ரக்பியின் இணையதளத்தில் ரக்பி ரெடி, தலைக்காய விழிப்புணர்வு இரண்டும் இலவசப் பாடங்கள். முடித்தால் சான்றிதழ் வரும். அந்த அமைப்பின் பணத்தில் கோத்தகிரி வரை தடையில்லாமல் வந்து சேரும் பங்கு இதுதான், அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆக்டிவேட்' என்று காயம் தடுக்கும் வார்ம்-அப் வரிசையும் அங்கேயே இருக்கிறது. ஹவில்தார் ஐயா அதைப் பார்த்துவிட்டு வந்தால் சனிக்கிழமை சொல்லித்தந்துவிடுவார்.

அப்புறம் மாநிலச் சங்கத்துக்குத் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு கடிதம். பந்து கொடுங்கள் என்று கேட்காதீர்கள். பயிற்சியாளர் வகுப்பு ஒன்றை நீலகிரியில் நடத்துங்கள், நாங்கள் இத்தனை பள்ளி, இத்தனை ஆசிரியர்கள் வருகிறோம் என்று கேளுங்கள். மேலே கணக்குக் காட்ட அவர்களுக்கும் எண்ணிக்கை வேண்டும். ஒரு பள்ளி கேட்டால் தள்ளிப்போடுவார்கள், ஐந்து பள்ளி சேர்ந்து கேட்டால் வருவார்கள். எத்தனை பெண்கள் வாரம் எத்தனை மணி ஆடுகிறார்கள் என்று முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பந்துக்குக் காத்திருக்க வேண்டாம். 10 முதல் 14 வயதுக்கு 4ஆம் அளவு. என்னிடம் இருப்பவற்றைக் கொண்டுவருகிறேன்.

மேல்குன்னூர் அம்மா

பெற்றோர் சம்மதக் கடிதம் வாங்கும்போது தலைக்காய விதியையும் தமிழில் அச்சடித்துச் சேர்த்துக் கொடுங்கள் டீச்சர். அதைப் படித்தால் என்னைப் போன்ற அம்மாக்கள் கையெழுத்துப் போடுவோம். பெல்ட்டும் பட்டையும் நான் தைத்துத் தருகிறேன், தையல் மிஷின் வீட்டில் இருக்கிறது. எத்தனை ஜோடி என்று மட்டும் சொல்லுங்கள்.

கூடலூர் சிறுவிவசாயி

எங்கள் ஊர்ப் பள்ளிப் பி.டி. சாரிடம் பேசிவிட்டேன். உங்கள் கடிதத்தில் கூடலூரிலிருந்து ஒரு பள்ளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி டீச்சர்

சேர்த்துவிட்டேன் அண்ணா. 24 ஜோடி வேண்டும் அம்மா, பாதி சிவப்பு, பாதி மஞ்சள். இன்னும் மூன்று பள்ளி தேவை. ஊட்டி, குந்தா பக்கம் யாராவது உடற்கல்வி ஆசிரியர்கள் இதைப் படித்தால் இங்கேயே பதில் போடுங்கள்.